எது மனித ஆராய்ச்சி?

அந்தமானில் ரிச்சி தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஹேவ்லாக், 2018-ஆம் ஆண்டில் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்டது. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் 1950-களில் இங்கே குடியமர்த்தப்பட்டன. இத்தீவில் ஓர் ஆராய்ச்சியாளர் மூன்று வேலைகளை மேற்கொள்வதாக வைத்துக்கொள்வோம். முதலில், பவளப் பாறைகளிடையே வாழும் மீன்களை எண்ணுகிறார். அடுத்து, எப்பருவத்தில் எம்மீன் மிகுதி என்று மீனவரிடம் கேட்கிறார். பின்னர் அம்மீனவரின் வருமானம், கடன், நோய் ஆகியவற்றை விசாரித்துக் குறித்துக்கொள்கிறார்.

முதலாவதில் மனிதருக்கு இடமில்லை. இரண்டாவதில் மீனவர் கடலைப் பற்றிச் செய்தி கூறுபவரேயன்றி, ஆராயப்படுபவர் அல்லர். மூன்றாவதில் அவரே ஆராய்ச்சிக்கு உரியவராகிறார். கேட்பவரும் கேட்கப்படுபவரும் ஒருவரே. எனினும் கேள்வி மாறியதும் கடமையும் மாறிவிடுகிறது.

இதனை இரு வினாக்களால் அறியலாம். பிற இடங்களுக்கும் பொருந்தக்கூடிய பொதுவான அறிவைப் பெறும் பொருட்டு முறைப்படி செய்யப்படும் விசாரணையா இது? உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிய செய்தி, அவரிடமிருந்தோ, அவர் இன்னார் என்று காட்டும் பதிவேட்டிலிருந்தோ, அவருடைய இரத்தம் போன்றவற்றிலிருந்தோ பெறப்படுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்பதே விடையானால், அது மனிதர் பங்குபெறும் ஆராய்ச்சியாகும்.

காய்ச்சல் கண்டவரிடம் மலேரியா ஊழியர் ஒரு துளி இரத்தம் எடுப்பது சிகிச்சையின் பொருட்டாகும். அதே இரத்தம் பாதுகாத்து வைக்கப்பட்டு, பின்னர் பரம்பரைக் கூறுகளை ஆராயப் பயன்படுமாயின், புதிதாக ஊசி குத்தாவிடினும் அது ஆராய்ச்சியே.

ஒரு வேலைக்குச் சூட்டப்படும் பெயர் இதனைத் தீர்மானிப்பதில்லை. அன்று ஆந்திரப் பிரதேசத்திலும் இன்று தெலங்கானாவிலும் உள்ள கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வடோதராவிலும் 2009-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. பாத் என்னும் அமெரிக்க நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடனும் மாநில அரசுகளுடனும் சேர்ந்து, 10 முதல் 14 வயது வரையுள்ள சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடச் செய்தது. இது செயல்விளக்கத் திட்டமே என்று கூறப்பட்டது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. சிறுமியர் எழுவர் இறந்தது குறித்து ஆராய்ந்த விசாரணைக் குழு, அம்மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பிருப்பதாகக் கருதவில்லை. ஆயினும் சம்மதம் பெற்ற முறையில் பெருங்குறை தெரிந்தது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களுள் 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்ததாக, 2013-ஆம் ஆண்டு நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை கூறுகிறது. பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே போயின.

கவுன்சில் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் இவ்வகையில் தெளிவு தருகின்றன. சிறுவர்கள் பங்குபெறும் ஆராய்ச்சிக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஏழு வயதுக்கு மேற்பட்ட சிறுவரின் இசைவையும் கேட்டறிதல் வேண்டும். ஊர்த் தலைவரின் அனுமதி தனிமனிதரின் சம்மதத்துக்கு ஈடாகாது. யாவரும் அறியக் கிடைக்கும் புள்ளிவிவரங்களைத் தொகுப்பதும், ஆட்பெயர் குறியாமல் அரசுத் திட்டம் ஒன்றைச் செம்மைப்படுத்தும் பொருட்டே மதிப்பிடுவதும் பரிசீலனையிலிருந்து விலக்குப் பெறலாம். ஆனால் விலக்கு உண்டா என்பதை முடிவு செய்ய வேண்டியது நெறிமுறைக் குழுவின் பொறுப்பேயன்றி, ஆராய்ச்சியாளரின் விருப்பமன்று.

தொலைதூரத் தீவாயினும் மலைக் கிராமமாயினும், ஆராய்ச்சியாளர் முதலில் நாடிவருவது ஆசிரியரையும் களப்பணியாளரையுமே. அவர்கள் மீது மக்கள் வைத்துள்ள நம்பிக்கையே அதற்குக் காரணம். ஆதலின், தாளை நீட்டுவோரிடம் அவர்கள் மூன்று செய்திகளைக் கேட்டறிதல் நலம்: இது யாரைப் பற்றிய விசாரணை? பெறும் செய்தி எதற்குப் பயன்படும்? எந்த நெறிமுறைக் குழு இதனைப் பார்வையிட்டது? தெளிவான விடை கிடைக்கும் வரையில் பேனாவைத் திறவாதிருப்பது ஆராய்ச்சிக்குத் தடையாகாது. பிறர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் தாம் கையொப்பமிடும் தவற்றினின்றும் அது அவர்களைக் காக்கும்.