பென் டிரைவ் சொல்ற பேரை கர்னல் நம்பலாமா?

விண்டோஸ்ல ஒரு கர்னல் மோட் டிரைவர்ல இருந்துகிட்டு, மெஷின்ல செருகியிருக்கிற டிவைஸோட விவரங்களை எப்படிக் கேட்டு வாங்கறது? இந்த எபிசோட் முழுக்க அதுதான். பொதுவாப் பேசினா மனசுல நிக்காது, அதனால ஒரே ஒரு வேலையை எடுத்துக்கலாம். ஒரு ஆபீஸ்ல, அவங்க கொடுத்த பென் டிரைவ் மட்டும்தான் வேலை செய்யணும். வீட்டுல இருந்து கொண்டு வர்றதைத் தடுக்கணும். அதுக்கு டிஸ்க் மேல உட்கார்ற ஒரு ஃபில்டர் டிரைவர் எழுதறோம்.

அந்த டிரைவரோட முடிவு மொத்தமும் "இது எந்த டிவைஸ்?"ங்கற ஒரே கேள்வியோட பதில்ல தொங்குது. பதில் தப்பா இருந்தா ஆபீஸ் ஃபைல் வெளிய போயிடும். கேட்கிற விதம் தப்பா இருந்தா மெஷினே ப்ளூ ஸ்கிரீன்ல நின்னுடும். யூசர் மோட்ல ஒரு ஏபிஐ-யைத் தப்பா கூப்பிட்டா உங்க ப்ரோக்ராம் மட்டும் சாகும். இங்க அந்தச் சலுகை கிடையாது.

முதல்ல யாரைக் கேட்கிறதுன்னு பார்ப்போம். விண்டோஸ்ல ஒரு டிவைஸ்னா அது ஒரே ஆப்ஜெக்ட் இல்லை, ஒரு அடுக்கு. அடியில இருக்கிறது பிடிஓ, அதாவது ஃபிசிக்கல் டிவைஸ் ஆப்ஜெக்ட். டிவைஸைக் கண்டுபிடிச்ச பஸ் டிரைவர் அதை உருவாக்கும். அதுக்கு மேல அந்த டிவைஸை ஓட்டுற டிரைவரோட எஃப்டிஓ. நம்ம ஃபில்டர் அதுக்கு மேலயோ கீழயோ ஒட்டிக்கும். டிவைஸ் யாருங்கற விவரம் எல்லாம் பிடிஓ பேர்லதான் பதிவாகியிருக்கும்.

அதனால ஐ-ஓ கெட் டிவைஸ் ப்ராப்பர்ட்டி ஃபங்ஷனைக் கூப்பிடும்போது முதல் ஆர்க்யூமென்ட்டா பிடிஓ பாயிண்டரைத்தான் கொடுக்கணும். "என் டிவைஸ் ஆப்ஜெக்ட்தானே கையில இருக்கு"ன்னு அதைக் கொடுத்தா, பக் செக் ஹெக்ஸ் சிஏ வரலாம். பேரு பிஎன்பி டிடெக்டட் ஃபேட்டல் எரர். அதோட முதல் பாராமீட்டர் 2-ன்னு இருந்தா, பிடிஓ கேட்கிற இடத்துல வேற எதையோ கொடுத்திருக்கீங்கன்னு அர்த்தம். பிடிஓவைத் தேடி அலைய வேண்டாம். ஆட் டிவைஸ் ரொட்டீன் கூப்பிடப்படும்போதே அது உங்க கையில கொடுக்கப்படுது, டிவைஸ் எக்ஸ்டென்ஷன்ல எடுத்து வெச்சுக்கோங்க. கேஎம்டிஎஃப்ல எழுதறவங்களுக்கு இந்தக் கவலையே இல்லை. டபிள்யூடிஎஃப் டிவைஸ் அலாக் அண்ட் குவெரி ப்ராப்பர்ட்டின்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, பிடிஓவையும் அதுவே பார்த்துக்கும், பஃபரையும் அதுவே ஒதுக்கித் தரும். புதுசா எழுதறதா இருந்தா கேஎம்டிஎஃப்தான். வெறும் டபிள்யூடிஎம்ல எழுதி வீரத்தைக் காட்ட வேண்டிய அவசியம் எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் இல்லை.

சரி, சரியான ஆளைப் பிடிச்சாச்சு. இப்ப என்ன கேட்கிறது? இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. ப்ராப்பர்ட்டி பட்டியல்ல "மேனுஃபேக்சரர்"னு ஒண்ணு இருக்கும். அடடா, இதைக் கேட்டா எந்தக் கம்பெனி பென் டிரைவ்னு தெரிஞ்சிடுமேன்னு தோணும். கேட்டுப் பாருங்க, எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் "ஸ்டாண்டர்ட் டிஸ்க் டிரைவ்ஸ்"னு ஒரே பதில்தான் வரும். ஏன்னா அது டிவைஸ் சொன்னது இல்லை. விண்டோஸோட வர்ற டிஸ்க் ஐஎன்எஃப் ஃபைல்ல எழுதியிருக்கிறதை இன்ஸ்டால் ஆகும்போது ரெஜிஸ்ட்ரியில குறிச்சு வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். ஆள் வாயால சொல்ற பேர் வேற, ரேஷன் கார்டுல அச்சடிச்சிருக்கிற பேர் வேற. நீங்க இப்ப படிச்சது ரேஷன் கார்டை.

ஹார்டுவேர் ஐடி கொஞ்சம் பரவாயில்லை. அது டிவைஸ் கொடுத்த தகவலை வெச்சு பஸ் டிரைவர் கட்டுற சரம். ஆனா எந்த பஸ் டிரைவர்? பென் டிரைவைச் செருகினா ரெண்டு அடுக்கு உருவாகுது. யுஎஸ்பி ஹப் டிரைவர் ஒரு பிடிஓ உருவாக்கும். அதோட ஹார்டுவேர் ஐடியிலதான் நீங்க தேடுற வெண்டர் ஐடியும் ப்ராடக்ட் ஐடியும் இருக்கும். அதுக்கு மேல யுஎஸ்பிஸ்டோர் டிரைவர் வந்து உட்கார்ந்து, டிஸ்க்குக்குன்னு இன்னொரு பிடிஓ உருவாக்கும். நம்ம ஃபில்டர் டிஸ்க் அடுக்குல இருக்கு, அதனால அதுக்குக் கிடைக்கிறது இந்த ரெண்டாவது பிடிஓ. இதோட ஐடி, எஸ்சிஎஸ்ஐ இன்கொயரி கட்டளைக்கு டிவைஸ் சொன்ன பதில்ல இருந்து வருது. வெண்டர் பேருக்கு 8 எழுத்து, ப்ராடக்ட் பேருக்கு 16 எழுத்து. இந்த ஐடியில யுஎஸ்பி வெண்டர் எண் இருக்கவே இருக்காது. யுஏஎஸ்பி-ல வேலை செய்யிற டிஸ்க்குன்னா டிரைவரே வேற, ஐடி எஸ்சிஎஸ்ஐ-ன்னு ஆரம்பிக்கும். வெண்டர் எண்ணை வெச்சுத்தான் முடிவெடுக்கணும்னா ஃபில்டரை யுஎஸ்பி அடுக்குல வைங்க. டிஸ்க் அடுக்குல உட்கார்ந்துகிட்டு, அங்க இல்லாத எண்ணை சரத்துக்குள்ள தேடாதீங்க.

சீரியல் நம்பர் வேணும்னா அதுக்கு வழி வேற. ஐஓசிடிஎல் ஸ்டோரேஜ் குவெரி ப்ராப்பர்ட்டிங்கற கோரிக்கையை நமக்குக் கீழ இருக்கிற டிவைஸ் ஆப்ஜெக்ட்டுக்கு அனுப்பணும். முதல் தடவை ஹெடர் அளவுக்கு மட்டும் பஃபர் கொடுத்தா, முழுப் பதில் எவ்வளவு பெரிசுன்னு சொல்லும். அந்த அளவுக்கு ஒதுக்கி மறுபடி அனுப்பணும். வர்ற டிஸ்கிரிப்டர்ல சீரியல் நம்பர் நேரா இருக்காது, அது எந்த ஆஃப்செட்ல இருக்குன்னுதான் இருக்கும். ஆஃப்செட் 0-ன்னா சீரியல் நம்பர் இல்லைன்னு அர்த்தம். இதைப் பார்க்காம 0-ல இருந்து படிச்சா, ஸ்ட்ரக்சரோட ஆரம்ப பைட்டுகளையே சீரியல் நம்பர்னு நினைச்சுக்குவீங்க. ஆஃப்செட் வந்த பஃபருக்குள்ளதான் இருக்கா, சரம் பஃபர் முடியறதுக்குள்ள நல் எழுத்துல முடியுதா, ரெண்டையும் பார்த்துட்டுத்தான் தொடணும். முன்னாலயும் பின்னாலயும் ஸ்பேஸ் நிரப்பி வர்றதும் சகஜம். ஒப்பிடறதுக்கு முன்னாடி வெட்டிடுங்க.

எப்ப கேட்கிறதுங்கறதும் முக்கியம். ஐ-ஓ கெட் டிவைஸ் ப்ராப்பர்ட்டியை பாஸிவ் லெவல்ல மட்டும்தான் கூப்பிடலாம். ரெஜிஸ்ட்ரியில இருக்கிற தகவல் பேஜ் ஆகி டிஸ்க்குக்குப் போயிருக்கலாம், டிஸ்பேட்ச் லெவல்ல பேஜ் ஃபால்ட் ஆனா அதைத் தீர்த்துவைக்க ஆள் கிடையாது. ஒவ்வொரு ரைட் கோரிக்கை வரும்போதும் "நீ யாரு"ன்னு கேட்கிற டிசைனே தப்பு. ஹார்டுவேர் ஐடியை ஆட் டிவைஸ்லயே கேட்டுடலாம். சீரியல் நம்பருக்கு டிவைஸ் ஸ்டார்ட் ஆகியிருக்கணும். ஸ்டார்ட் கோரிக்கையைக் கீழ அனுப்பி, அது முடியற வரை காத்திருந்து, அப்புறம் கேளுங்க. கம்ப்ளீஷன் ரொட்டீனுக்குள்ள வேண்டாம், அது டிஸ்பேட்ச் லெவல்ல ஓடலாம். காத்திருக்கிற ஈவென்ட் ஸ்டாக்ல இருந்தா, வெயிட்டை கர்னல் மோட்ல போடுங்க. யூசர் மோட்னு போட்டா உங்க ஸ்டாக்கே பேஜ் அவுட் ஆக வாய்ப்பிருக்கு. கிடைச்ச பதிலை நான் பேஜ்ட் பூல்ல ஒரு தடவை சேமிச்சுட்டா, அதுக்கப்புறம் எந்த லெவல்ல இருந்தும் படிச்சுக்கலாம்.

இவ்வளவு ஒழுங்கா கேட்டாலும், பதில் சொல்றது அந்த டிவைஸ்தான். மலிவான பென் டிரைவ்கள்ல சீரியல் நம்பரே இல்லாம வர்றதும் உண்டு, யுஎஸ்பி பல்க் ஒன்லி விதிமுறை குறைஞ்சது 12 எழுத்தாவது இருக்கணும்னு சொல்லியும். டிவைஸ் மேனேஜர்ல டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்தைப் பாருங்க. கடைசிப் பகுதியோட ரெண்டாவது எழுத்து & குறியா இருந்தா, அது டிவைஸ் கொடுத்த எண் இல்லை, விண்டோஸ் தானா உருவாக்கினது. போர்ட்டை மாத்திச் செருகினா அந்த எண்ணும் மாறும். இந்த மாதிரி டிவைஸை அனுமதிப் பட்டியல்ல சேர்க்கிறதுல அர்த்தமே இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், வேணும்னே பொய் சொல்ற டிவைஸ். 2014-ல பிளாக் ஹாட் மாநாட்டுல கார்ஸ்டன் நோலும் யாகோப் லெல்லும் பேட்யுஎஸ்பி-யைக் காட்டினாங்க. பென் டிரைவுக்குள்ள இருக்கிற சிப்போட ஃபர்ம்வேரை மாத்தி எழுதி, அதை ஒரு கீபோர்டு மாதிரி நடிக்க வெச்சாங்க. கீபோர்டாவே நடிக்க முடிஞ்ச டிவைஸுக்கு உங்க ஆபீஸ் சீரியல் நம்பரைச் சொல்றதா கஷ்டம்? அதுவும் கீபோர்டா வந்தா நம்ம டிஸ்க் ஃபில்டர் பக்கமே அது எட்டிப் பார்க்காது.

அப்ப இந்த டிரைவர் எதுக்குன்னு கேட்டா, என் பதில் இது. மறதியா சொந்தப் பென் டிரைவைச் செருகுற ஊழியரைத் தடுக்க இது நல்லாவே போதும். திட்டம் போட்டு வர்ற ஆளைத் தடுக்கப் போதாது. அந்த இடத்துல பேரைக் கேட்கிறதை விட்டுட்டு, ஆபீஸ் சாவி இல்லாம படிக்க முடியாத மாதிரி ஃபைலை என்கிரிப்ட் பண்ணித்தான் எழுத விடணும். டிரைவர் விற்கிறவங்க இந்த வித்தியாசத்தை வாங்குறவங்ககிட்ட முதல்லயே சொல்லிடறது நல்லது.

நீங்களே செஞ்சு பார்க்கணும்னா ஒரு விர்ச்சுவல் மெஷின்ல டிரைவர் வெரிஃபையரை ஆன் பண்ணி, விண்டிபிஜி-ல கர்னல் டிபக்கரை இணைச்சுக்கோங்க. டெவ்ஸ்டாக் கமாண்டுக்கு உங்க டிவைஸ் ஆப்ஜெக்ட் முகவரியைக் கொடுத்தா முழு அடுக்கும் வரும், கடைசி வரியில இருக்கிறதுதான் பிடிஓ. டெவ்நோட் கமாண்ட்ல மொத்த மரத்தையும் பார்த்தா, நான் சொன்ன அந்த ரெண்டு அடுக்கும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா தெரியும். இதே பென் டிரைவ் கேள்வியை லினக்ஸ்ல சிஸ்எஃப்எஸ் வழியா எப்படிக் கேட்கிறதுன்னு அடுத்த எபிசோட்ல பேசலாம்.