கணக்குக் கொப்பியில் தொடங்கிய ஓவிய வரிசை

கே.சி.எஸ். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசை 1963இல் தொடங்கியது. மாணவர் ஒருவரின் கணக்குக் கொப்பிப் பக்கம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. எண்கள், ரோமன் எழுத்துகள், கேத்திரகணித வடிவங்கள், வரிவரியாக இறங்கும் அட்சரகணிதச் சமன்பாடுகள். கணக்கின் விடையில் அவருக்கு அக்கறையில்லை. குறிகள் தாளை நிறைத்திருந்த விதம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடிப்பிலிருந்து பிறந்த வரிசையை 1977இல் இறக்கும்வரை அவர் விடவில்லை.

ஆசிரியர்கள் நாள்தோறும் திருத்தித் தள்ளும் ஒரு பக்கம் ஓர் ஓவியருக்கு மட்டும் வழி திறந்தது எப்படி? விடை அதற்கு முந்திய ஆண்டுகளில் இருக்கிறது. பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றார். இளமையில் கேரளத்து நீர்நிலைகளையும் தென்னந்தோப்புகளையும் நீர்வண்ணத்தில் வரைந்து பெயர் பெற்றார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1954இல் ஐரோப்பா சென்று அங்குள்ள நவீன ஓவியங்களை நேரில் பார்த்தார். 1957இல் தாம் படித்த பள்ளிக்கே முதல்வரானார். இத்தனைக்கும் நடுவே ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருந்தது: பாரிஸ் ஓவியர்களின் நிழலாகாமல் நவீனமாக வரைய முடியுமா? 1950களின் பிற்பகுதியில் அவர் வரைந்த தோட்டக் காட்சிகளில் மனித உருவங்கள் தட்டையாகி, கோடும் நிறமும் மேலெழத் தொடங்கிவிட்டன. ஆக, கொப்பிப் பக்கம் வந்து சேர்ந்தபோது கண் பழுத்திருந்தது. உள்ளுணர்வு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்தப் பக்குவம்தான்.

வரிசையின் தொடக்க கால ஓவியம் ஒன்றை அருகில் நின்று பார்த்தால் முதலில் தெரிவது வெளிறிய பரப்பு. அதன்மேல் பொடிப்பொடியான எழுத்து வரிகள். மலையாளம்போல வளைந்து ஓடுகின்றன. வாசிக்கப் போனால் ஒரு சொல்லும் தேறாது. பக்கத்தில் சாதகக் கட்டம்போலப் பிரிந்த சதுரங்கள். ஓர் ஓரத்தில் மீன், இன்னோர் ஓரத்தில் பாம்பு. நிலக்கோடு கிடையாது, எல்லாம் ஒரே தளத்தில் மிதக்கின்றன. எழுத்துகள் வாசிப்பதற்கானவை அல்ல என்பதில் பணிக்கர் தெளிவாக இருந்தார். பொருள் புரிந்துவிட்டால் கண் அங்கேயே நின்றுவிடும். புரியாதபோது கோட்டின் ஓட்டத்தைத் தொடர்ந்து போகும். தேயிலைத் தோட்டத்தில் வேலைநாள்களைப் பதியும் செக்ரோல் புத்தகத்தை எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பார்க்கும்போதும் இதுதான் நடக்கிறது. பெயர் எது, பேர்நாள் எது என்று தெரியாமலே கட்டங்களும் குறிகளும் ஓர் ஒழுங்காகக் கண்ணில் பதிகின்றன.

இந்தப் படங்களில் ஒரு குறி அடுத்த குறியைக் கேட்டு வாங்குகிறது. இடப்பக்கம் எழுத்து நெருங்கினால் வலப்பக்கம் வெற்றிடம் வேண்டும். வட்டம் ஒன்று விழுந்தால் அதன் கனத்தைத் தாங்க வேறெங்கோ ஒரு கோடு வேண்டும். ஒரு படத்தில் தீராமல் நின்றது அடுத்த படத்துக்குப் போகிறது. வரிசையாக வரைவதன் பயன் இதுவே. ஒரே ஒரு படம் தற்செயலாக நன்றாக அமைந்துவிடலாம். பல ஆண்டுகள் நீளும் வரிசை அப்படி அமையாது. வாசிக்க முடியாத எழுத்து, மிதக்கும் உரு என்ற சில கட்டுப்பாடுகளை நிலையாக வைத்துக்கொண்டதால், மற்றவற்றில் பணிக்கரின் கை தடையின்றி அலைய முடிந்தது.

உள்ளுணர்வையும் கட்டுப்பாட்டையும் மற்ற ஓவியர்கள் வெவ்வேறு விதமாகக் கையாண்டார்கள். ரஷ்யாவில் பிறந்த கண்டின்ஸ்கி, மனத்தில் சட்டென்று எழுந்தவற்றை ஒரு வகையாகவும், நீண்ட காலம் ஊறித் திட்டத்தோடு உருவானவற்றை வேறொரு வகையாகவும் பெயரிட்டுப் பிரித்தார். பின்னதில் அவர் வரைந்தவை பத்தே பத்து. நாக்பூரில் பிறந்த வாசுதேவ் கைத்தொண்டே ஆண்டுக்குச் சில ஓவியங்களே வரைந்தார். உருளையாலும் கத்தியாலும் வண்ணத்தைப் பூசி, வழித்து, மறுபடி பூசினார். காத்திருப்பது அவருக்கு வேலையின் பகுதி.

காத்திருக்கச் சோறு வேண்டும். 1966இல் பணிக்கரும் அவர் மாணவர்களும் பத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டது. ஓவியம் விற்குமா என்ற கவலையில்லாமல் வரைய முடிந்தது. அரூப ஓவியம் வசதிபடைத்தவர் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இலங்கை மலையகத்திலும் இத்தகைய தேடலுக்குக் கைகொடுக்கும் பொருள்கள் நிறைய உண்டு. ஹற்றனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையே ஓவியப் பொருளாக்கியவர். அவர் படைப்புகள் முழு அரூபம் அல்ல. தோட்டப் பெண்களின் வாழ்வைப் பேசுபவை. ஆனால் தாளில் பரவும் சாயம் எங்கே நிற்கும் என்பதைக் கை முழுதாகத் தீர்மானிக்க முடியாது. பரவிய கறையைப் பார்த்துத்தான் அடுத்ததை முடிவுசெய்ய வேண்டும்.

வட்டகொடை, தலவாக்கலைப் பக்கமிருந்து தமிழகத்துக்குக் கோயில் யாத்திரை போகிறவர்கள், சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கிச் சோழமண்டலத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். சித்திரம் படிக்கும் பிள்ளைகள் கூட இருந்தால் கட்டாயம் இறங்குங்கள்.