வீட்டுக்குள்ளே வைஃபை எப்படி வருகிறது? சட்டத்தரணியின் அழைப்புக்கு முன் அறிந்துகொள்ளுங்கள்

சட்டத்தரணியின் அழைப்புக்காகக் காலையிலிருந்து காத்திருக்கிறீர்கள். வட்ஸ்அப்பில் அழைப்பு வருகிறது. இரண்டு நிமிடத்தில் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. மொழிபெயர்ப்பாளர் கேட்டது விளங்கவில்லை. எல்லாரையும்போல யன்னலடிக்கு ஓடுகிறீர்கள். இன்னும் மோசமாகிறது. ஏன்?

யன்னலடி உதவுவது கைத்தொலைபேசி வலையமைப்பின் சிக்னலுக்கு. அது வெளியே நிற்கிற கோபுரத்திலிருந்து வருகிறது. வைஃபை வீட்டுக்குள் இருக்கிற ரவுட்டர் பெட்டியிலிருந்து வருகிறது. எனவே உங்களுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்றுதான் பார்க்கவேணும்.

இரண்டும் வானொலி அலைகள்தான். திறந்த வெளியிலேயே தூரம் இரண்டு மடங்கானால் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். வீட்டுக்குள் தடைகள் வேறு. மரக்கதவையும் மெல்லிய பலகைத் தடுப்பையும் அலை அவ்வளவு கஷ்டப்படாமல் கடக்கும். செங்கற் சுவர் கொஞ்சம் விழுங்கும், கம்பி போட்ட கொங்கிறீற் அதைவிடக் கூட விழுங்கும். குளிர்சாதனப் பெட்டி போன்ற உலோகப் பொருட்கள் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீரும் உறிஞ்சும், எங்கட உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தானே.

பிரித்தானியாவின் பழைய வரிசை வீடுகளில் ரவுட்டர் பெரும்பாலும் முன்னறையில் இருக்கும். பின்பக்கக் குசினிக்குப் போக அலை செங்கற் சுவர் தாண்டவேணும். ஆனால் மேல்மாடித் தளம் மரம். அதனால் ரவுட்டருக்கு நேர் மேலே உள்ள அறையில் குசினியைவிட நல்லாகக் கேட்கக்கூடும். கொங்கிறீற் தளமுள்ள அடுக்குமாடியில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

சில வீடுகளில் வைஃபை இரண்டு பெயரில் தெரியும், ஒன்றில் 5 என்று இருக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் கூட, ஆனால் சுவர் தாண்டினால் கெதியாகச் சோர்ந்துவிடும். தூரத்து அறைக்கு 2.4 நல்லது. ஒரேயொரு தொல்லை, மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. யாராவது சோறு சூடாக்கினால் உங்கட அழைப்பு இடறலாம்!

சிக்னல் திடீரென்று விழுந்தால் ஒரு சாண் தள்ளி இருந்து பாருங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். 2.4 இல் அலையின் நீளம் சுமார் 12 சென்ரிமீற்றர்தான், ஆகவே சின்ன நகர்வே போதும்.

வைஃபை அடையாளம் முழுதாக இருந்தும் இழுபடுகிறதா? அது ரவுட்டருக்கும் உங்கள் போனுக்கும் இடையிலான நிலையை மட்டும் காட்டுவது. வீட்டில் ஆறுபேர் படம் பார்த்தால் எங்கே இருந்தாலும் இழுபடலாம். அரை மணித்தியாலம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ரவுட்டரை இடம் மாற்றுவதென்றால் வீட்டுப் பொறுப்பாளரைக் கேட்காமல் செய்யவேண்டாம்.

சிக்னல் நல்லாயிருக்கிற இடம் பலவேளை படிக்கட்டடியாகத்தான் இருக்கும். அங்கே இருந்து உங்கட வழக்கைக் கதைத்தால் முழு வீடும் கேட்கும். ஆகவே முதல்நாளே, அதே நேரத்தில், கதவு பூட்டக்கூடிய அறைகளில் ஒரு நண்பருக்கு அழைப்பு எடுத்துப் பாருங்கள்.

அப்படியும் குரல் உடைந்தால், கேட்காத கேள்விக்கு "ஓம்" சொல்லவேண்டாம். நீங்கள் சொல்வது உங்கள் வாக்குமூலத்தில் எழுதப்படலாம். "கேட்கவில்லை, திருப்பிக் கேளுங்கோ" என்று உடனே சொல்லுங்கள். வீட்டில் வசதியே இல்லையென்றால் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள், அலுவலகத்தில் ஓர் அறை ஒழுங்கு செய்ய முயற்சிப்போம்.