கருவுற்ற தாயும் தொற்று நோய்களும்: குடும்ப மருத்துவரின் பொறுப்பு

கருவுற்ற காலத்தில் ஏற்படும் தொற்று நோய்கள் பிற காலத்துத் தொற்று நோய்களைப் போன்றவை அல்ல. கருவைத் தாங்கிக் கொள்வதற்காகத் தாயின் எதிர்ப்பாற்றல் தன் போக்கைச் சற்று மாற்றிக் கொள்கிறது. ஆகவே, மற்றவர்களுக்கு எளிதாகத் தீரும் சில நோய்கள் அவளிடம் கடுமை பெறுகின்றன. வேறு சில நோய்கள் தாயிடம் எந்த அடையாளமும் காட்டாமல் கருவை மட்டும் சிதைக்கின்றன.

திருவண்ணாமலை போன்ற ஊர்களில் காய்ச்சலோ எரிச்சலோ கண்டால் பெண்கள் முதலில் நாடுவது மகப்பேறு மருத்துவமனையை அன்று. தெருமுனையில் இருக்கும் குடும்ப மருத்துவரையே. அவரிடமும் போகாமல் மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்குவோரும் உண்டு. ஆகவே தடுப்பின் முதல் வாயில் அந்தச் சிறு மருத்துவமனைதான்.

அவ்வாயிலில் நிற்கும் முதல் தடை நாணம். திருவண்ணாமலைக்குக் கிழக்கே உள்ள திண்டிவனத்தில், 1890களின் தொடக்கத்தில், ஒரே இரவில் மூன்று கணவர்கள் தம் மனைவியரின் பேறுகாலத் துன்பத்திற்கு உதவி கோரி வந்தனர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். ஆண் மருத்துவர் பார்ப்பதை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அந்நிகழ்ச்சியே ஐடா ஸ்கடரை மருத்துவம் கற்கச் செய்தது. வேலூரின் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரிக்கும் வித்தாயிற்று. இன்று பெண் மருத்துவர்கள் பெருகிவிட்டனர். எனினும் சிறுநீர் எரிச்சலையும் வெள்ளைப்படுதலையும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம் மறையவில்லை. மார்க்கத்தைக் கற்றுக் கொள்வதில் அன்ஸாரிப் பெண்களுக்கு நாணம் தடையாக இருக்கவில்லை என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. உயிர் காக்கும் செய்தியில் அந்த நாணம் தடையாகலாமா? அவள் சொல்லட்டும் என்று காத்திராமல் மருத்துவர் தாமே கேட்பதே முறை.

இனி நோய்களைக் காண்போம். மிகப் பரவலானது சிறுநீர்த் தொற்று. கருவுற்ற காலத்தில் சுரக்கும் இயக்குநீர்கள் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்துகின்றன. வளரும் கருப்பையும் அவற்றை அழுத்துகிறது. சிறுநீர் தேங்கும் இடத்தில் கிருமி பெருகுகிறது. கருவுற்ற பெண்கள் 100 பேரில் 2 முதல் 10 பேர் வரை எரிச்சலோ வலியோ இல்லாமலே சிறுநீரில் கிருமியைச் சுமக்கின்றனர். கவனிக்காமல் விட்டால் அவர்களுள் பலருக்குத் தொற்று சிறுநீரகத்திற்கு ஏறும். குறைமாதப் பேற்றுக்கும் அது வழி கோலும். எனவே குறி தோன்றும் வரை காத்திராமல், முதல் வருகையின்போதே சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸஸின் போன்ற மருந்துகள் இக்காலத்தில் தவிர்க்கப்படுபவை. கடையில் தாமே கேட்டு வாங்கும் பழக்கத்தின் ஆபத்து இதில் விளங்கும். சிறுநீரகத் தொற்றுள்ள பெண் ரமளானில் தண்ணீரின்றி இருத்தல் தகாது. கருவுற்றவளுக்கும் நோயாளிக்கும் மார்க்கம் தந்துள்ள சலுகையை மருத்துவர் நினைவூட்டுவது நன்று.

அடுத்தது மஞ்சள் காமாலை. 1955-56ஆம் ஆண்டுகளில் டில்லியின் குடிநீரில் கழிவுநீர் கலந்ததால் ஏறத்தாழ 29,000 பேர் காமாலையுற்றனர். இறந்தோரில் கருவுற்ற பெண்களின் பங்கு மிகுந்திருந்தது. அது ஹெபடைடிஸ் 'ஈ' என்னும் கிருமியின் செயல் என்பது பல்லாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. கருவின் கடைசி மூன்று மாதங்களில் இந்நோய் கண்டால் 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக் கூடும். நம் பகுதியில் காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுகிறோம். கருவுற்ற பெண்ணின் கண் மஞ்சளித்தால் ஒரு நாளும் தாமதியாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே கடமை. காய்ச்சி ஆறிய நீரைப் பருகுவதே எளிய காப்பு.

மூன்றாவது, இரத்தத்தின் வழியே குழந்தையை அடையும் நோய்கள்: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் 'பி', மேகநோய். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில்தான். சிகிச்சை இல்லாவிடில் அது 100க்கு 15 முதல் 45 வரை குழந்தைகளைத் தொற்றும். முறையான மருந்தினால் 5க்கும் கீழே குறைக்கலாம். மேகநோய்க்குப் பென்சிலின் ஊசியே போதும். ஹெபடைடிஸ் 'பி' தடுப்பூசியைப் பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்குப் போட வேண்டும். இப்பரிசோதனைகள் எல்லாக் கருவுற்ற பெண்களுக்கும் உரியவை. யார் ஒழுக்கத்தின் மீதும் ஐயம் கொண்டு செய்யப்படுபவை அல்ல. பெரும்பாலும் நோய் கணவனிடமிருந்தே வருவதால் கணவனும் பரிசோதித்துக் கொள்வது நீதி.

நான்காவது ரூபெல்லா. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், தாய்க்கு வந்த இந்தச் சாதாரண அம்மைக்கும் குழந்தையின் பிறவிக் கண்புரைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். செவிடும் இதயக் குறையும் இதன் விளைவுகளே. வந்தபின் கருவைக் காக்கும் மருந்து இல்லை. தடுப்பூசி ஒன்றே வழி. அதையும் கருவுற்றபின் போடலாகாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப் போடுவது முறை.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இத்தடுப்பூசி போடப்பட்டபோது, கைப்பேசி வழியே வதந்திகள் பரவின; பெற்றோர் பலர் தயங்கினர். ஊசி மருந்தில் சேரும் ஜெலட்டின் குறித்தும் நம்மிடையே கேள்வி எழுவதுண்டு. 1995இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ இயல் அமைப்பு கூட்டிய கருத்தரங்கு, ஒரு பொருள் தன் தன்மை முற்றும் மாறி வேறொன்றாகும்போது (இஸ்திஹாலா) அதன் சட்டமும் மாறும் எனக் கூறி, ஜெலட்டினை ஆகுமானதாகக் கருதியது. இதில் மாற்றுக் கருத்துடைய அறிஞர்களும் உளர். எனினும் உயிர்காக்கும் தேவையை அவர்களும் கருத்தில் கொள்வர்.

2017இல் 15 வயதைக் கடந்திருந்த பெண்கள் பலருக்கு இந்த ஊசி கிடைத்திராது. நிக்காஹ் பேசும் வீடுகளில் நகையும் மண்டபமும் பேசப்படுகின்றன. மணப்பெண்ணுக்கு ரூபெல்லா ஊசி போடப்பட்டதா என்று கேட்பார் இல்லை. அக்கேள்வியைக் கேட்கத் தகுந்தவர் அக்குடும்பத்தின் மருத்துவரே.

தாய்க்குப் போடும் ரணஜன்னித் தடுப்பூசியை முறையாகச் செலுத்தியும் பிரசவங்களை மருத்துவமனைக்குக் கொணர்ந்தும், 2015இல் இந்தியா பேறுகால ரணஜன்னியை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. கேட்பதும், சோதிப்பதும், உரிய நேரத்தில் அனுப்புவதும் மருத்துவர் பொறுப்பு. மறைக்காமல் சொல்வது பெண்ணின் பொறுப்பு. உடன் செல்வது கணவனின் பொறுப்பு.