பேசும் படத்தின் முதல் தமிழ்க் குரல்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கக் கேட்பது ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி மக்களாகிய நமக்குப் புதுமையன்று. தொழிற்பேட்டை வாயிலில் ஒருவர் தெலுங்கில் வினவ, மற்றவர் தமிழில் விடையிறுப்பார். இதே முறையில் ஒரு திரைப்படமே அமைந்ததெனின் வியப்பன்றோ? 1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னைக் கினிமா சென்டிரல் அரங்கில் வெளியான ‘காளிதாஸ்’ அத்தகையதே. கதைத் தலைவி தமிழில் பேச, தலைவன் தெலுங்கில் மறுமொழி கூறினான். வேறு சிலர் இந்தியில் பேசினர். தமிழ் பேசிய அத்தலைவியே டி. பி. இராஜலட்சுமி.

1911இல் திருவையாற்றில் பிறந்த இவருக்குக் குழந்தைப் பருவத்திலேயே மணம் நடந்தது. அவ்வாழ்வு நிலைக்கவில்லை. வறுமை இவரை நாடக மேடைக்கு அனுப்பியது. பெண் வேடத்தையும் ஆடவரே புனைந்து வந்த காலம் அது! மேடையேறிய பெண்ணை அன்றைய சமுதாயம் எங்ஙனம் நோக்கியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஊமைப்படத்தில் நடிக்க மொழி வேண்டுவதில்லை. ஆங்கிலோ இந்தியப் பெண்டிரும் புராண நாயகியராய்த் தோன்றினர். ஒலி வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. பம்பாயில் பெரும்புகழ் பெற்றிருந்த சுலோசனா என்னும் ரூபி மையர்ஸ், இந்துஸ்தானி சரளமாக வாராமையால், 1931 மார்ச்சில் வெளியான ‘ஆலம் ஆரா’ வாய்ப்பைச் சுபைதாவிடம் இழந்தார். அப்படத்தைத் தந்த அர்தேஷிர் இரானியே ‘காளிதா’ஸையும் தயாரித்தார், இயக்கியவர் எச். எம். ரெட்டி. பேசவும் பாடவும் ஆடவும் வல்ல ஒருவர் தேவைப்பட்டபோது, மேடைப் பயிற்சியே இராஜலட்சுமிக்குத் துணை நின்றது. காளிதாசன் கதையிடையே காந்தியடிகளின் இராட்டினம் பற்றிய பாடலையும் இவர் பாடினார். கதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. காலத்துக்கும் அதற்கும் தொடர்புண்டு.

நடிப்போடு இவர் நின்றாரல்லர். தாம் எழுதிய புதினத்தைத் தழுவி 1936இல் ‘மிஸ் கமலா’ படத்தைத் தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். சுபைதாவின் அன்னை பாத்திமா பேகம் 1926இல் பம்பாயில் படம் இயக்கி, இந்தியாவின் முதல் பெண் இயக்குநரானார். பத்தாண்டு கழித்துத் தென்னகத்தில் அப்பெருமை இராஜலட்சுமிக்கு வாய்த்தது. ஆயினும் முதல் நாயகி என்றே இவரைச் சுட்டும் நூல்கள், முதல் இயக்குநர் என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இது நமக்கு முறையாகத் தோன்றவில்லை.

1961இல் கலைமாமணி விருது பெற்ற இவர் 1964இல் காலமானார். ‘காளிதாஸ்’ படச்சுருள் இன்று இல்லை. நிழற்படங்களும் பத்திரிகைக் குறிப்புகளுமே எஞ்சியுள்ளன. திரையில் ஒலித்த முதல் தமிழ்க் குரலை இனி எவரும் கேட்க இயலாது.