திரையில் புள்ளி: லினக்ஸ் வழங்கல்களின் இயல்பிருப்புக் காட்சியமைப்பும் தமிழ் வரிவடிவமும்

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. பல், பல என்னும் இரண்டும் ஒரே வரிவடிவில் நிற்க, இடம் நோக்கிப் பொருள் கொள்வது பதிப்பாசிரியரின் கடமையாயிற்று. அச்சு போக்கிய அவ்விடர் கணினித் திரையில் வேறு வகையில் மீள்கிறது. புள்ளி இடப்பட்டிருந்தும், சிறிய அளவில் அது எழுத்தின் மேற்கோட்டோடு ஒட்டிப் புலப்படாமல் போகிறது. கட்டற்ற இயங்குதளமான லினக்ஸில் இது எழுத்துருவின் குறை மட்டுமன்று. வழங்கலை உருவாக்குவோர் முன்கூட்டியே தெரிந்து வைக்கும் இயல்பிருப்பு அமைப்புகளையும் சார்ந்தது. அவை தமிழ் வரிவடிவை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பிக்சலைப் படப்புள்ளி என்பாரும் உளர். எழுத்தின் புள்ளியோடு மயங்கும் என்பதால் இங்குப் பிக்சல் என்றே ஆளப்படுகிறது. அங்குலத்திற்கு 96 பிக்சல் கொண்ட திரையில் 12 பாயிண்ட் எழுத்துருவின் உயரம் 16 பிக்சல். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடைப்பட்ட வெளி அவ்வுயரத்தில் இருபதில் ஒரு பங்கு எனக் கொண்டால், அது 0.8 பிக்சலே. ஒரு பிக்சலிலும் குறைந்த வெளியைத் திரை வெறுமையாகக் காட்ட இயலாது. சாம்பல் நிறமாகவே காட்டும்.

லினக்ஸில் எழுத்துருவைத் தெரிந்தெடுப்பது ஃபான்ட்கான்ஃபிக். அதன் வரைகோடுகளைப் பிக்சல்களாக மாற்றுவது ஃப்ரீடைப். முன்னதன் அமைப்புக் கோப்புகள் எண்வரிசையில் படிக்கப்படுகின்றன. 10 முதல் 19 வரையுள்ளவை காட்சிமுறையின் இயல்பிருப்பைத் தீர்மானிப்பன. இங்கு இரண்டு தெரிவுகள் தமிழுக்கு முதன்மையானவை.

முதலாவது ஹிண்டிங், அதாவது எழுத்தின் கோடுகளைப் பிக்சல் கட்டங்களோடு பொருத்துதல். இதன் மென்மையான வகை செங்குத்துத் திசையில் மட்டுமே பொருத்துகிறது. புள்ளிக்குக் கீழுள்ள வெளியும் அத்திசையிலேயே அமைந்திருப்பதால், அவ்வெளி ஒரு முழுப் பிக்சலாக விரியலாம். முற்றிலும் மறையவும் கூடும். எழுத்துருவுக்கு எழுத்துரு, அளவுக்கு அளவு இது வேறுபடும்.

இரண்டாவது, ஒரு பிக்சலுக்குள் நிற்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைத் தனித்தனியே பயன்படுத்தும் முறை. பட்டைகள் செங்குத்தாக நிற்பதால் கிடைத்திசையில் மட்டும் நுணுக்கம் மும்மடங்காகிறது. ண, ன ஆகியவற்றின் சுழிகளை வேறுபடுத்த இது துணைசெய்யும், புள்ளிக்கு உதவாது. (திரையை நிமிர்த்தி வைத்துச் சுவடிப் படங்களைப் பார்ப்போருக்கு நிலைமை தலைகீழாகும்.) இம்முறை நெடுங்காலம் ஃப்ரீடைப்பில் இயல்பாகச் செயற்படுத்தப்படாததற்குக் காரணம் வாசிப்பு வசதியன்று, மைக்ரோசாஃப்டின் கிளியர்டைப் காப்புரிமைகளே. அவை 2019இல் முடிவுற்றன. அதற்கு முன்பே, 2017இல், காப்புரிமைக்குள் அடங்காத ஹார்மனி என்னும் மாற்றுமுறை ஃப்ரீடைப் 2.8.1இல் சேர்க்கப்பட்டது. ஆயினும் 2020இல் வெளிவந்த ஜிடிகே 4 பட்டைமுறையைக் கைவிட்டுச் சாம்பல் நிறச் சாயலையே மேற்கொண்டது. அடர்த்தி மிகுந்த திரைகளில் இதனால் இழப்பு சிறிதே. பழைய திரைகளில் அவ்வாறன்று.

எழுத்துரு முன்னுரிமைக் கோப்புகளின் பெயர்களும் நோக்கத்தக்கன. ஒன்று 60-லத்தீன், மற்றொன்று 65-லத்தீனல்லாதன. தமிழ் இரண்டாவதில், எதிர்மறையால் பெயரிடப்பட்ட தொகுதியில் இடம்பெறுகிறது. லத்தீன் எழுத்துருக்கள் முன்னே நிற்பதால், தமிழ்த் தொடருக்குள் வரும் எண்களும் நிறுத்தற்குறிகளும் வேறொரு எழுத்துருவிலிருந்து வந்து தடிப்பில் மாறுபடுவது இயல்பே.

ஆகவே எல்லா எழுத்துக்கும் ஒரே இயல்பிருப்பை ஏற்பதைவிட, தமிழ் எழுத்துருக்களுக்கெனத் தனி விதி வகுப்பதே தக்கது என்பது என் கருத்து. குறிப்பிட்ட எழுத்துருக்களுக்குரிய காட்சி விதிகளுக்கு 20 முதல் 29 வரையுள்ள கோப்பெண்கள் ஒதுக்கப்பட்டுள்ளமையால், மூலநிரலைத் திருத்தவும் வேண்டியதில்லை. விதியை வகுக்குமுன் பல்/பல, கண்/கண, மணம்/மனம், எடு/ஏடு போன்ற இணைகளைத் தொடரினின்று பிரித்து, 10, 12, 14 பாயிண்ட் அளவுகளில், ஹிண்டிங் இன்றியும் மென்மையான ஹிண்டிங்குடனும் முழு ஹிண்டிங்குடனும் 96 பிக்சல் திரையில் காட்டிப் படிக்கச் செய்ய வேண்டும். தொடரோடு கொடுத்தால் வாசகர் கண்ணால் படியாது, பொருளால் ஊகித்துவிடுவர். சுவடி படித்தோர் இதனை நன்கறிவர்.