சிறுநீரில் புரதம்: அளவுகள் உணர்த்துவது என்ன?

புரதம் வெளியேறும் விதம்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகள் உள்ளன. குருதியிலுள்ள கழிவுகளை வெளியேற்றும் இவை, அல்புமின் போன்ற புரதங்களை உடலிலேயே தக்கவைக்கின்றன. அதனால் வளர்ந்தவரின் சிறுநீரில் நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்கும் குறைவான புரதமே வெளியேறும். நுண்வடிகள் பழுதடைந்தால் இந்த அளவு கூடும். நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் இதற்கு முதன்மையான காரணங்கள். தொடக்கத்தில் வலியோ வேறு அறிகுறியோ இராது. இழப்பு மிகுந்த பின்னரே சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்கும். காலையில் கண்மடலும் மாலையில் கணுக்காலும் வீங்கும்.

பரிசோதனையும் அளவுகளும்

சோதனைக் கீற்றைச் சிறுநீரில் தோய்த்ததும் அதன் மஞ்சள் கட்டம், புரதத்தின் அளவுக்கேற்பப் பச்சையாக மாறும். ‘1+’ என்பது 100 மில்லிலீற்றருக்குச் சுமார் 30 மில்லிகிராம். ‘3+’ என்பது சுமார் 300. தண்ணீர் குறைவாகக் குடித்தவரின் சிறுநீர் செறிந்திருப்பதால் கீற்று கூடுதலாகக் காட்டக்கூடும். சிறுநீரிலுள்ள அல்புமினுக்கும் கிரியேற்றினின் என்னும் கழிவுப்பொருளுக்கும் இடையிலான விகிதம் இதைவிட நம்பகமானது. ஒரு கிராம் கிரியேற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைந்த அல்புமின் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான உயர்வு. 300க்கு மேல் கடும் உயர்வு. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரே இதற்கு உகந்தது.

காய்ச்சல், கடும் உடலுழைப்பு, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றாலும் புரதம் தற்காலிகமாகக் கூடும். ஆகவே பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும். உயர்வு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோயாகக் கொள்ளப்படும்.

கர்ப்ப காலத்தில்

கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பின் குருதி அமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரிலும் புரதம் காணப்பட்டால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

உலர் வலயத்துக்கான எச்சரிக்கை

1990களில் இலங்கையின் வடமத்திய மாகாண விவசாயிகளிடையே, நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ இல்லாமலே ஒரு சிறுநீரக நோய் இனங்காணப்பட்டது. வவுனியாவிலும் நோயாளர்கள் உள்ளனர். இதற்குத் தனியொரு காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. இந்நோயில் நுண்வடிகளைவிட அவற்றைத் தொடரும் நுண்குழாய்களே முதலில் பாதிக்கப்படுவதால், நோய் முற்றும்வரை புரதம் மிகக் குறைவாகவே வெளியேறும். வடமத்திய மாகாணத்தின் அநுராதபுர மாவட்டத்தை எல்லையாகக் கொண்ட மன்னாரில், பெரியமடு போன்ற உலர் வலயக் கிராமங்களில் வெயிலில் வயல் வேலை செய்வோர், ‘சிறுநீரில் புரதம் இல்லை’ என்ற முடிவோடு நின்றுவிடாமல், குருதியில் கிரியேற்றினின் அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது.

சிகிச்சையும் தற்காப்பும்

புரத உணவு உண்பதால் நோய் வந்தது என எண்ணி மீனையும் பருப்பையும் தாமாக நிறுத்தக் கூடாது. உணவு மாற்றத்தை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். குருதிச் சீனியையும் அமுக்கத்தையும் கட்டுப்படுத்துவதும், புரத இழப்பைக் குறைக்கும் மாத்திரைகளை வைத்தியர் சொற்படி ஒழுங்காக எடுப்பதும் சிறுநீரகத்தைக் காக்கும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். கருவாடு உண்போர் அதிலுள்ள உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உடல் நோவுக்கு வலிநிவாரணிகளைத் தாமாக வாங்கித் தொடர்ந்து விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு. நீரிழிவு அல்லது உயர் குருதி அமுக்கம் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரையும் குருதியையும் பரிசோதிக்க வேண்டும்.